அதிசயத்துக்கு முகவரி உண்டா?

*காலையில் கண் விழித்ததும் கைபேசியில் காத்திருக்கிறது ஓர் ஆச்சரியத் தகவல். ரசிக்கிறோம், பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். அது எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.*

நியூசிலாந்தின் வடக்குத் தீவு. 1836 வாக்கில் ஒரு நாள். வாங்கரெய் பக்கம் மாவோரி மக்களின் குடியிருப்பு ஒன்றில் அடுப்பு எரிகிறது. அடுப்பின் மேல் ஒரு வெண்கலப் பாத்திரம். உள்ளே உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருக்கிறது. அந்த வழியாக வந்த வில்லியம் கொலென்சோ அதை உற்றுப் பார்க்கிறார். மிஷனரி அவர், அச்சுத் தொழில் தெரிந்தவர், செடிகொடிகளைத் தேடிச் சேகரிப்பவர். பாத்திரத்தின் விளிம்பு உடைந்திருக்கிறது. உடம்பைச் சுற்றி அவர் அறியாத எழுத்துகள் புடைத்து நிற்கின்றன. சமையலுக்குப் பயன்படுவது ஒரு மணியின் மேற்பகுதி என்பது அவருக்குப் புரிகிறது. ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொள்கிறார்.

அந்த எழுத்துகள் தமிழ். ‘முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி’ என்பது அதன் பொருள். பெரிய மரம் ஒன்று புயலில் சாய்ந்தபோது வேருக்கடியில் கிடைத்தது என்று அந்த மக்கள் கொலென்சோவிடம் சொல்லியிருக்கிறார்கள். கொலென்சோ 1899-ல் இறந்தார். அவர் எழுதிவைத்தபடி மணி அரசு அருங்காட்சியகத்துக்குப் போனது. இன்று அது தலைநகர் வெலிங்டனில் உள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமிழ் எழுத்து வார்த்த ஒரு கப்பல் மணி அவ்வளவு தூரம் எப்படிப் போனது என்பதற்கு இன்றுவரை உறுதியான விடை கிடையாது.

இவ்வளவும் நிஜம். இணையத்தில் வலம்வரும் தமிழ் ஆச்சரியங்களில் மிக அழகானவற்றுள் இதுவும் ஒன்று. ஆனால் குடும்பக் குழுவுக்குள் வந்து விழும்போது அதன் உருவம் மாறியிருக்கும். ஒரு பதிவில் மணியின் வயது ஆயிரக்கணக்கில் ஏறியிருக்கும். இன்னொன்றில் ‘நியூசிலாந்தைக் கண்டுபிடித்தவன் தமிழனே’ என்று தலைப்பு மின்னும். கொலென்சோ இருக்க மாட்டார், உருளைக்கிழங்கு இருக்காது, தே பாப்பாவும் இருக்காது. கடைசியில் முகைதீன் பக்ஸும் காணாமல் போயிருப்பார். எனக்கு இதில்தான் மனம் ஆறுவதில்லை. நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை என்று நம் கடற்கரை ஊர்களிலிருந்து கப்பல் ஓட்டிய தமிழ் முஸ்லிம் வணிகர்களின் நெடிய வரலாறு அந்த ஒரு பெயருக்குப் பின்னால் நிற்கிறது. மணியில் தன் பெயரை வார்த்து வைத்தவரையே அழித்துவிட்டு, மணியை வைத்துப் பெருமை பேசுகிறோம்.

துணுக்கின் பரம்பரை

ஆச்சரியத்தைப் பகிர்வது வாட்ஸ்அப் கற்றுக்கொடுத்த பழக்கம் அல்ல. தமிழ்வாணன் ஆசிரியராக இருந்த ‘கல்கண்டு’ இதழைத் துணுக்குகளுக்காகவே வாங்கிய தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது. டீக்கடையில் உரக்கப் படித்துக் காட்டவும், பள்ளியில் நண்பனை மடக்கவும், ராத்திரி சாப்பாட்டின்போது அப்பாவிடம் சொல்லி அசத்தவும் அந்தப் பெட்டிச் செய்திகள் உதவின.

அமெரிக்காவில் 1918-ல் ராபர்ட் ரிப்ளி என்ற ஓவியர் இதே பழக்கத்தைப் பெரிய தொழிலாக்கினார். ‘நம்பினால் நம்புங்கள்’ என்ற அவருடைய சித்திரத் துணுக்குகள் உலகெங்கும் நாளிதழ்களில் வந்தன. ஊர் சுற்றினார், விநோதங்களைக் கொண்டுவந்தார் என்று புகழெல்லாம் அவருக்கே. ஆனால் அந்தப் பத்தியைத் தாங்கிப் பிடித்தவர் இன்னொருவர். நார்பர்ட் பெர்ல்ராத் என்று பெயர். பல மொழிகள் படிக்கத் தெரிந்தவர். 1923 முதல் 1975 வரை நியூயார்க் பொது நூலகத்தின் வாசிப்பு அறையில் உட்கார்ந்து, புத்தகம் புத்தகமாகப் புரட்டித் தகவல் எடுத்துக் கொடுத்தார். ரிப்ளி இறந்த பிறகும் அவர் நூலகத்துக்குப் போவது நிற்கவில்லை. ‘இது பொய்’ என்று வாசகர் எழுதினால், எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று காட்ட அந்தப் பத்தியால் முடிந்தது.

ஒரு துணுக்கு என்ன செய்யும் என்பதற்கும் ரிப்ளியிடமே ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவுக்கு அதிகாரபூர்வ தேசியகீதமே கிடையாது என்று 1929 நவம்பரில் அவர் வரைந்தார். அன்றைய நிலையில் அது உண்மை. வாசகர்கள் கொதித்துப்போனார்கள். நாடாளுமன்றத்துக்கு மனுக்கள் குவிந்தன. 1931 மார்ச் 3 அன்று அதிபர் ஹூவர் சட்டத்தில் கையெழுத்திட, இன்று அவர்கள் பாடும் பாட்டு தேசியகீதம் ஆனது. அந்தத் துணுக்கு சரியானதாக இருந்ததால்தான் சட்டம்வரை போக முடிந்தது.

நம் தேசியகீதத்தை வைத்தும் ஒரு துணுக்கு உண்டு. உலகிலேயே சிறந்த தேசியகீதம் இதுதான் என்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டதாம். 2008 வாக்கில் மின்னஞ்சலில் புறப்பட்ட அந்தச் செய்தியை யுனெஸ்கோ அப்போதே மறுத்துவிட்டது. இன்னும் ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் அது வந்து சேர்கிறது.

மூன்று விநாடி நிற்கும் செயற்கைக்கோள்

தமிழில் இதுவரை அதிகம் சுற்றிய ‘அறிவியல் அதிசயம்’ எது என்று கேட்டால், திருநள்ளாறு என்று தயங்காமல் சொல்லலாம். சனீஸ்வரன் சன்னிதிக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி செயலிழந்து நிற்கின்றன, நாசா விஞ்ஞானிகள் வியந்து வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள் என்பது கதை.

பூமிக்கு அருகில் சுற்றும் ஒரு செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கும் மேல் பறக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் உலகை ஒரு சுற்று வந்துவிடும். அந்த வேகம் இருப்பதால்தான் அது கீழே விழாமல் இருக்கிறது. நின்ற கணமே விழத் தொடங்கும். மூன்று விநாடி கழித்துப் பழைய வேகத்தைப் பிடிக்க அதற்கு இன்னொரு ராக்கெட் வேண்டும். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்தே சுற்றும் செயற்கைக்கோள்கள் வேறு வகை. அவை வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும், ஆனால் அவற்றின் இடம் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே. திருநள்ளாறு அதிலிருந்து வெகு வடக்கே இருக்கிறது.

இதை விளக்கினால் சிலருக்குக் கோபம் வருகிறது. பக்தியைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்தக் கோயிலுக்கு நாசாவின் சான்றிதழ் எதற்கு? சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம் அது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் நடந்துவந்து கும்பிட்ட இடம். வெளிநாட்டு விஞ்ஞானி ஒருவர் தலையாட்டினால்தான் அதற்கு மதிப்பு என்று நினைப்பதே கோயிலுக்குச் செய்யும் குறை.

இதே வரிசையில் வரும் இன்னொரு படம் முழுக்க நிஜம். ஜெனீவா அருகே செர்ன் அணு இயற்பியல் ஆய்வு மையத்தில் இரண்டு மீட்டர் உயர நடராஜர் சிலை நிற்கிறது. இந்திய அரசு அளித்த பரிசு. 2004 ஜூன் 18 அன்று திறந்துவைக்கப்பட்டது. துகள்களின் ஓயாத இயக்கத்தை ஆராயும் இடத்தில் ஆடும் சிவன். வியக்க இதைவிட என்ன வேண்டும்? ஆனால் 2016 ஆகஸ்டில் இதே சிலையின் முன்னால் நரபலி கொடுப்பதுபோல் ஒரு காணொளி வெளியாகி உலகைச் சுற்றியது. வளாகத்துக்குள் நுழைய அனுமதி உள்ள யாரோ விளையாட்டாக எடுத்தது என்று செர்ன் விளக்கி, விசாரணையும் நடத்தியது. விளக்கத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர், காணொளியைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று ஒப்பிடவே வேண்டியதில்லை.

> பெட்டிச் செய்தி: பொய்க்கு ஏன் வேகம்?
>
> அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்தித் தொடர்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றைப் பகிர்ந்தவர்கள் சுமார் 30 லட்சம் பேர்.
>
> பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்கு ஆன நேரம் பொய்யைப்போல் ஆறு மடங்கு.
>
> தானியங்கிக் கணக்குகளை நீக்கிவிட்டுப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. பரப்பியது மனிதர்கள்தான். பொய்யில் இருந்த புதுமையும் அது கிளப்பிய வியப்பும் அருவருப்பும் அவர்களைத் தூண்டின என்கிறது ஆய்வு.

வெட்டி எறியப்பட்ட கடைசிக் காட்சி

ஆச்சரியம் சுமந்துவரும் அதே வழியில்தான் அச்சமும் வருகிறது. 2018-ல் அதற்கு நாம் கொடுத்த விலை உயிர்கள்.

இந்தியா முழுக்கச் சுற்றிய ஒரு காணொளி. தெருவில் சிறுவர்கள் விளையாடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். ‘நம் ஊருக்குள் குழந்தை கடத்தும் கும்பல் வந்துவிட்டது’ என்ற குரலோடு அது கைமாறியது. அது படமாக்கப்பட்டது பாகிஸ்தானின் கராச்சியில். குழந்தைகளின் பாதுகாப்பை வலியுறுத்த ஒரு தொண்டு அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அந்த இருவரும் திரும்பி வந்து பிள்ளையை இறக்கிவிடுவார்கள். கராச்சியில் ஒரு குழந்தையைக் கடத்த ஒரு கணம் போதும் என்று எச்சரிக்கும் வாசகத்தை விரித்துக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டியிருந்தார்கள். வெட்டியது சில விநாடிகள்தான். அதோடு நாடும் ஊரும் நோக்கமும் போய்விட்டன. மிச்சமிருந்தது எந்த ஊருக்கும் பொருந்தும் ஒரு பயம்.

தமிழ்நாட்டிலும் அந்த ஆண்டு மே மாதம் குரல் பதிவுகளும் படங்களும் கிராமம் கிராமமாகப் போயின. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு காரில் வந்த மூதாட்டி ஒருவர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கடத்தல்காரி என்று கூட்டம் அடித்தே கொன்றது. அதே வாரத்தில் பழவேற்காட்டில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர்.

அந்த மூதாட்டி கொல்லப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு அந்தக் குரல் பதிவை அனுப்பிய ஒவ்வொருவரும், பிள்ளை பெற்றவர்களை உஷார்ப்படுத்துவதாகத்தான் நம்பியிருப்பார்கள். நல்லெண்ணத்தோடு அனுப்பினேன் என்ற பதிலை ஏற்க முடியாமல் போவது இதனால்தான். யார் சொன்னது, எங்கே நடந்தது, என்றைக்கு என்ற மூன்று கேள்விகளில் ஒன்றைக் கேட்டிருந்தாலும் அந்தப் பதிவு ஒரு கைபேசியிலாவது நின்றுபோயிருக்கும்.

> பெட்டிச் செய்தி: கடிவாளம்
>
> 2018 ஜூலை: பிறர் அனுப்பியதை மறுபடி அனுப்பினால் அதைக் காட்டும் அடையாளத்தை வாட்ஸ்அப் சேர்த்தது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு கொண்டுவந்தது.
>
> 2019 ஜனவரி: அதே வரம்பு உலகம் முழுவதற்கும்.
>
> 2020 ஏப்ரல்: பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கே அனுப்ப முடியும் என்றானது. அதன்பின் அத்தகைய செய்திகளின் பரவல் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் தெரிவித்தது.
>
> இந்தியாவில் வாட்ஸ்அப் பயன்படுத்துவோர் 53 கோடி என்பது 2021-ல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கு.

சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வது?

குடும்பக் குழுவில் தவறான தகவல் போடுபவர் பெரும்பாலும் நாம் மதிக்கும் பெரியவர். ஓய்வுபெற்ற ஆசிரியராக இருப்பார், நம் கல்யாணத்தை முன்நின்று நடத்திய மாமாவாக இருப்பார். அவர் போட்டதன் கீழேயே ‘இது பொய்’ என்று எழுதினால் அன்றோடு பேச்சு நின்றுவிடும். பேசாமல் விட்டால் பொய் நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பலர் குழுவையே ஓசையில்லாமல் முடக்கி வைத்திருக்கிறார்கள். தெரிந்தவர்கள் இப்படி ஒதுங்கிக்கொள்ளும் குழுக்களில் பொய்க்குத் தடையே இல்லாமல் போகிறது.

நான் பார்த்தவரை, திருத்துவதைவிடக் கேட்பது நல்ல பலன் தருகிறது. “சித்தப்பா, இந்த மணி எந்த மியூசியத்துல இருக்குன்னு போட்டிருக்காங்களா? போய்ப் பார்க்கணும்போல இருக்கு” என்று ஒரு வரி. அவரே தேடத் தொடங்குவார். தேடி, தே பாப்பா அருங்காட்சியகத்தின் பக்கத்தைக் கண்டுபிடித்தால், அடுத்த தகவலை அனுப்புமுன் அவரே ஒரு முறை பார்ப்பார். தகவல் பொய் என்று தெரிந்தால் தனியாக அழைத்துச் சொல்லலாம். குழுவில் அவரே திருத்திக்கொள்ள இடம் விடலாம். ஆர்வம் உள்ள மனிதர் என்பதால்தானே அனுப்புகிறார்? அந்த ஆர்வத்தை அவமானப்படுத்தாமல் சரியான பக்கம் திருப்புவது வீட்டில் இளையவர்களின் வேலை.

சுட்டி இருக்கும், பக்கம் இருக்காது

முகவரியைக் குறித்து வைத்தாலும் இன்னொரு ஆபத்து உண்டு. 2013-ல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்தே ஆண்டுகளில் மறைந்துவிட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் கணக்கிட்டது. லட்சக்கணக்கானவர்களின் சொந்தப் பக்கங்களைத் தாங்கிய ஜியோசிட்டீஸ் 2009-ல் மூடப்பட்டது. விநோதமான தளங்களைத் தேடிக் கொடுப்பதற்கென்றே இருந்த ஸ்டம்பிள்அப்பான் 2018-ல் போனது. தமிழுக்கு இதில் கூடுதல் கஷ்டம்: யூனிகோடு பரவுவதற்கு முன்பு ஆளுக்கொரு எழுத்துருவில் எழுதப்பட்ட பக்கங்களில் பல, இருந்தும் இல்லாதவை. தேடினால் கிடைக்காது, திறந்தால் படிக்க முடியாது.

சிலர் இதற்காகவே வாழ்நாளைக் கொடுத்திருக்கிறார்கள். ப்ரூஸ்டர் கேல் 1996-ல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ், செத்துப்போன பக்கங்களின் பழைய உருவத்தைச் சேமித்து இலவசமாகக் காட்டுகிறது. சுவிட்சர்லாந்தில் வாழும் விஞ்ஞானி கு.கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றினார்கள். மின்னூல் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் தட்டச்சு செய்தவர் யார், பிழை பார்த்தவர் யார் என்று நன்றியோடு குறித்திருப்பார்கள். அந்த வரிகளைத் தாண்டிப் போகாமல் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒரு பிரதி எங்கிருந்து வந்தது என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் இடங்கள் இணையத்தில் குறைவு.

ஈழத்தவர்களுக்கு இது இன்னும் ஆழமான விஷயம். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாகின. 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பிரசுரங்களையும் மின்வடிவில் சேர்த்துவருகிறது. ஊர்த் திருவிழா மலரும் பள்ளி ஆண்டு மலரும்கூட அதில் உண்டு. தாத்தாவின் பெயரை ஒரு பழைய மலரில் கண்டு அந்தப் பக்கத்தை உறவினருக்கு அனுப்பும் பேரனைக் கற்பனை செய்து பாருங்கள். அவன் அனுப்புவதில் இதழின் பெயர் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, பக்க எண்ணும் இருக்கிறது.

பிறக்கும்போதே ஊர் இல்லாத படங்கள்

இதுவரை ஒரு படத்தின் மூலத்தைத் தேட வழி இருந்தது. படத்தைத் தேடுபொறியில் கொடுத்தால் முதலில் எங்கே வெளியானது என்று ஓரளவு பிடித்துவிடலாம். செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் படங்கள் அந்த வழியையும் அடைக்கின்றன. கடலுக்கடியில் கோபுரம், பனிமலைக்குள் தங்கக் கோயில், நூறடி உயரக் குகைச் சிற்பம் எல்லாம் சில விநாடிகளில் தயார். எடுத்த இடம் என்று ஒன்று இல்லாததால் எங்கே தேடினாலும் கிடைக்காது. ‘தேடிப் பார்த்தேன், பொய் என்று யாரும் சொல்லவில்லை’ என்ற வாதம் இனி செல்லாது. உண்மை என்று யார் சொன்னார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். எந்த ஊர், எந்த மாவட்டம், யார் எடுத்தது என்ற விவரம் ஒன்றும் இல்லாத படத்தை அனுப்பாமல் இருப்பதால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

பொய்ப் படங்கள் பெருகினால் நிஜமான அதிசயங்களின்மீதும் சந்தேகம் விழும். இலங்கையின் காலி நகரில் 1911-ல் ஒரு மதகின் மேல் மூடுகல்லாகக் கிடந்த பலகையை எடுத்துப் பார்த்தபோது மூன்று மொழிகளில் எழுத்து இருந்தது: சீனம், தமிழ், பாரசீகம். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் பயணத்தோடு வந்தது; 1409 என்று தேதியிட்டது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் இஸ்லாமிய மரபிலும் காணிக்கை சொல்லப்படுகிறது. காணிக்கைப் பட்டியலோ ஏறக்குறைய ஒன்றே. இன்று முதன்முறையாக இதைக் கைபேசியில் பார்க்கும் ஒரு கல்லூரி மாணவர், கணினி செய்த படம் என்று ஒதுக்கிவிடலாம். கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்ற ஒரு வரி உடன் வந்தால் ஒதுக்க மாட்டார்.

கல்வெட்டுக்காரர்களின் முறை

அந்த ஒரு வரியை எப்படி எழுதுவது என்பதை நமக்குக் கல்வெட்டுக்காரர்கள் ஏற்கெனவே காட்டிவைத்திருக்கிறார்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட மாவட்டக் கல்வெட்டுத் தொகுதி ஒன்றைப் புரட்டுங்கள். ஒவ்வொரு கல்வெட்டுக்கும் மேலே சின்னதாக ஓர் அட்டவணை இருக்கும். மாவட்டம், வட்டம், ஊர், மொழி, எழுத்து, அரசு, மன்னன், ஆட்சியாண்டு, இடம். ‘இடம்’ என்பதற்கு எதிரே கருவறையின் எந்தப் பக்கச் சுவர் என்பதுவரை எழுதியிருப்பார்கள். அதன்பின் குறிப்புரை, அதன்பின்தான் கல்வெட்டு. யார் வேண்டுமானாலும் பேருந்து ஏறிப் போய் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று சரிபார்க்கலாம்.

இதில் நான்கு விவரம் போதும், வாட்ஸ்அப் தகவலுக்கு. பக்கத்து ஊர் ஏரிக்கரையில் சாய்ந்து கிடக்கும் நடுகல்லைப் படம் எடுத்தால், அந்த ஊர்ப்பெயரையும் வட்டத்தையும் எடுத்த தேதியையும் உங்கள் பெயரையும் சேர்த்து எழுதலாம். கல்லைத் தொட வேண்டாம், எழுத்தின்மேல் மாவு பூச வேண்டாம். மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பலாம். குழு நிர்வாகியாக இருப்பவர்கள், இடமும் தேதியும் இல்லாத தகவல் நம் குழுவில் வேண்டாம் என்று ஒரு விதி வைக்கலாம். வாசகர்களும் இதே முறையில் எழுதி அனுப்புங்கள். மாதிரிக்கு ஒன்று:

*ஊர்: புலிமான்கோம்பை. வட்டம்: ஆண்டிபட்டி. மாவட்டம்: தேனி. கண்டறிந்தது: 2006, தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு. பொருள்: தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்கள். குறிப்பு: ஒன்றில், கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், இறந்த அந்தவன் என்பவன் பெயர் இருக்கிறது.*